தொந்தரவே இல்லாதபோது ஹார்மோன் மாத்திரை தேவையா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 51. மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. உடம்பு சூடு, திடீர் வியர்வை, படபடப்பு எதுவும் இல்லை. பிரஷருக்கு மட்டும் தினம் ஒரு மாத்திரை. பாரிஸில் குடும்பத்தோடு இருக்கும் அக்கா சில வருடங்களாக ஹார்மோன் ஜெல் தடவி வருகிறார். "எலும்பு, இதயம், ஞாபகசக்தி எல்லாத்துக்கும் நல்லது. அம்மா மாதிரி இடுப்பு உடைஞ்சு படுக்கக் கூடாதுன்னா நீயும் இப்பவே ஆரம்பி. பத்து வருஷம் தாண்டினா டாக்டர் தர மாட்டார்" என்று ஒவ்வொரு முறை போனில் பேசும்போதும் சொல்கிறாராம். அம்மா எழுபது வயதுக்கு மேல் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தவர். எடுக்கலாமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி.

சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இப்போது உங்களுக்கு ஹார்மோன் தேவையில்லை. அதற்கு நான் சொல்லும் முதல் காரணம், தொந்தரவு இல்லை என்பதல்ல. உங்களுக்கு 49 வயதில், தானாக நின்றிருக்கிறது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. அந்தக் கணக்கில் நீங்கள் சரியான வயதில்தான் இருக்கிறீர்கள். இதே கேள்வியை 38 வயதில் நின்றுபோன ஒரு பெண் கேட்டிருந்தால், உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லையென்றாலும் "எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தப் பெண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் உங்கள் கதைக்குப் போகும் முன் அவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நாற்பது வயதுக்குள் நின்றால் அது காலத்துக்கு முந்தியது. 40-லிருந்து 45-க்குள் என்றால் சீக்கிரம் நின்றது. இவர்களுக்கு, சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இல்லாமல் ஓடும் வருடங்கள் மற்றவர்களைவிட அதிகம். எலும்பு தேய்வதும் இதயக் கோளாறு வருவதும் அதற்கேற்ப முந்திக்கொள்கின்றன. சூடு ஏறுகிறதா, வியர்க்கிறதா என்பதற்காக எலும்பு காத்திருப்பதில்லை. ஆகவே மார்பகப் புற்றுநோய் போன்ற தடை எதுவும் இல்லாவிட்டால், இயற்கையாக நிற்கும் வயது வரை, அதாவது ஏறக்குறைய ஐம்பது வரை, ஹார்மோன் கொடுப்பதுதான் இன்றைய மருத்துவ நடைமுறை. உடம்பு அந்த வயதில் தானே சுரந்திருக்க வேண்டியதைத்தான் வெளியிலிருந்து கொடுக்கிறோம்.

கடலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிற பெண்களிடம் "மாதவிடாய் எப்போது நின்றது" என்று கேட்டால், "கர்ப்பப்பையை எடுத்தாச்சுங்க" என்ற பதில் அடிக்கடி வரும். முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே அதிக ரத்தப்போக்கு, கட்டி, வெள்ளைப்படுதல் என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக எடுத்திருப்பார்கள். சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா என்றால் தெரியாது. "எல்லாத்தையும் எடுத்துட்டாங்கன்னு நெனைக்கிறேன்" என்பார்கள். இது சின்ன விஷயமில்லை. கர்ப்பப்பையை மட்டும் எடுத்திருந்தால் சினைப்பை தன் பாட்டுக்கு ஹார்மோன் சுரந்துகொண்டிருக்கும், மாதவிடாய் மட்டும்தான் வராது. சினைப்பை இரண்டையும் எடுத்திருந்தால் ஆபரேஷன் நடந்த அன்றைக்கே அந்தப் பெண்ணுக்கு மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிரந்தரமாக நிற்பது.

வீட்டில் பீரோவிலோ பெட்டியிலோ மடித்து வைத்திருக்கும் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். ஆபரேஷன் பெயர் எழுதிய வரியில் டி.ஏ.எச். என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் கர்ப்பப்பை மட்டும். அதோடு பி.எஸ்.ஓ. என்ற மூன்று எழுத்தும் சேர்ந்திருந்தால் இரண்டு பக்கச் சினைப்பையும் குழாயும் போய்விட்டன என்று பொருள். சந்தேகமாக இருந்தால் பயாப்ஸி ரிப்போர்ட்டில் எந்தெந்த உறுப்பு பரிசோதனைக்கு வந்தது என்று போட்டிருப்பார்கள். காகிதம் தொலைந்துபோயிருந்தால் ஸ்கேனும் ஒரு ரத்தப் பரிசோதனையும் ஓரளவு சொல்லிவிடும். 45 வயதுக்குள் பி.எஸ்.ஓ. நடந்து, அதன்பிறகு ஹார்மோன் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால், தொந்தரவு இருக்கிறதோ இல்லையோ, மகளிர் மருத்துவரை ஒருமுறை பாருங்கள். கர்ப்பப்பை இல்லாத இவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும், கூடவே புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனைச் சேர்க்க வேண்டியதில்லை என்பது ஒரு வசதி. புற்றுநோய்க்காகச் சினைப்பையை எடுத்தவர்கள் மட்டும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்கு வைத்தியம் பார்த்த புற்றுநோய் மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

சரி, இப்போது உங்கள் அக்கா சொல்வதற்கு வருவோம்.

அவர் சொல்வது காற்றிலிருந்து பிடித்த கதையல்ல. ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் நம்பினார்கள். ஹார்மோன் எடுக்கும் பெண்களுக்கு மாரடைப்பு குறைவாக வருகிறது என்று 1980-களிலும் 90-களிலும் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் அந்த ஆய்வுகளில் ஹார்மோன் எடுத்தவர்கள் யார்? பெரும்பாலும் படித்த, வசதியுள்ள, டாக்டரை ஒழுங்காகப் பார்க்கிற, உடம்பைக் கவனித்துக்கொள்கிற பெண்கள். அவர்களுக்கு மாரடைப்பு குறைந்ததற்கு மாத்திரை காரணமா, அந்த வாழ்க்கை காரணமா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பிரித்துப் பார்க்க ஒரே வழி, சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பாதிப் பேருக்கு ஹார்மோனும் பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பதுதான். ஏற்கெனவே இதய நோய் இருந்த 2,763 பெண்களிடம் அப்படிச் செய்த ஹெர்ஸ் ஆய்வு 1998-இல் வந்தது. இதயத்துக்கு ஒரு பாதுகாப்பும் கிடைக்கவில்லை.

அடுத்து வந்ததுதான் டபிள்யு.எச்.ஐ. என்ற பெரிய அமெரிக்க ஆய்வு. கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்கள், வயது 50 முதல் 79 வரை. ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். 2002 ஜூலையில், திட்டமிட்ட காலத்துக்கு முன்பே அதை நிறுத்திவிட்டார்கள். ஒரு வருடத்தில் 10,000 பெண்களுக்கு எத்தனை பேர் என்று கணக்கு இப்படி வந்தது. மார்பகப் புற்றுநோய் வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 30, ஹார்மோன் எடுத்தவர்களில் 38. பக்கவாதம் 21-லிருந்து 29. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பது 8-லிருந்து 16. மாரடைப்பு உள்ளிட்ட இதய நோய் 30-லிருந்து 37. இன்னொரு பக்கம், இடுப்பு எலும்பு முறிவு 15-லிருந்து 10-ஆகக் குறைந்தது. பெருங்குடல் புற்றுநோயும் குறைந்தது.

இந்த எண்களைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கியதில் உலகம் முழுக்கப் பெண்கள் மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள். இரவில் நாலு தடவை நனைந்து எழுந்திருக்கும் பெண்கள்கூட "கேன்சர் வந்துடும்" என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார்கள். அது அநியாயம். 10,000 பேரில் எட்டுப் பேர் கூடுவதைக் காட்டித் தவிக்கிற ஒருவருக்கு மருந்து மறுப்பது சரியில்லை. அதோடு, அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. நின்று பத்துப் பதினைந்து வருடம் கழித்து ஆரம்பித்தவர்கள் நிறையப் பேர். பின்னால் வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அறுபது வயதுக்குள், நின்று பத்து வருடத்துக்குள் ஆரம்பிப்பவர்களுக்கு ஆபத்து குறைவு என்று தெரிந்தது. 18 வருடத் தொடர் கண்காணிப்பு முடிந்து 2017-இல் வந்த கணக்கில், ஹார்மோன் எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் இறந்த விகிதத்தில் வித்தியாசமே இல்லை. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இந்த மருந்துகளின் மேல் கறுப்புக் கட்டம் கட்டிப் போட்டிருந்த இதயம், மார்பகப் புற்றுநோய், மறதிநோய் எச்சரிக்கைகளை எடுக்கப்போவதாக அறிவித்தது. உங்கள் அக்காவின் காதுக்கு எட்டியது இந்தக் கடைசிப் பகுதி என்று நினைக்கிறேன்.

ஆனால் "பயப்பட வேண்டாம்" என்பதிலிருந்து "எல்லோரும் எடுங்கள்" என்பதற்குத் தாவ முடியாது. அந்தப் பத்து வருடக் கணக்கு சொல்வது, தேவைப்படுகிறவர் அதற்குள் ஆரம்பித்தால் ஆபத்து குறைவு என்பதை மட்டும்தான். ஆடித் தள்ளுபடி போல முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்பதற்காகச் சொன்னதல்ல அது. இன்னும் சொல்லப்போனால் உங்களுக்கு அவசரமில்லை என்பதற்கு அதுவே ஆதாரம். 53 வயதில் சூடு ஏற ஆரம்பித்தாலும், தூக்கம் கெட்டாலும், அப்போது ஆரம்பிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.

வலியில் இருப்பவர் ஒரு மருந்தின் ஆபத்தை எடைபோடுவதும், நன்றாக இருப்பவர் எடைபோடுவதும் ஒன்றல்ல. தூக்கமில்லாமல் தவிப்பவருக்கு நாளைக்கே நிம்மதி கிடைக்கிறது, அதற்காக ஒரு சின்ன ஆபத்தை ஏற்றுக்கொள்கிறார். உங்களுக்கு நாளைக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. என்றோ வரக்கூடிய ஒன்றைத் தடுக்கும் என்ற நம்பிக்கை மட்டும்தான். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தால் தாங்கவில்லை. நாள்பட்ட நோய்களைத் தடுப்பதற்காக மட்டும் ஹார்மோன் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2022-இல் மறுபடியும் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. ஞாபகசக்தி விஷயத்தில் இன்னும் தெளிவு. 65 வயதுக்கு மேல் ஆரம்பித்தவர்களிடம் மறதிநோய் குறையவில்லை, இரட்டிப்பானது. இளம் வயதில் ஆரம்பித்தால் மூளையைக் காக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை.

அக்கா தடவுகிற ஜெல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பிரான்சில் இது பரவலான முறை. குப்பியை அழுத்தி வருகிற ஜெல்லைக் கையிலோ தொடையிலோ தடவிக் காயவிட்டு, இரவில் நுண்துகள் புரோஜெஸ்டிரோன் மாத்திரை போட்டுக்கொள்வார்கள். நல்ல முறைதான். தோல் வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜன் ஈரல் வழியாக முதலில் போவதில்லை. அதனால் வாய்வழி மாத்திரையைப் போல ரத்தக்கட்டி ஆபத்தை ஏற்றுவதில்லை என்று பிரெஞ்சு ஆய்வுகளே காட்டின. பெரும்பாலும் ஆசிரியைகளைக் கொண்ட ஈ3என் என்ற பிரெஞ்சு ஆய்வில், இந்தப் புரோஜெஸ்டிரோனோடு சேர்த்து எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து மற்ற புரோஜெஸ்டின்களைவிடக் குறைவாக இருந்தது. ஆக, அக்காவின் மருந்தில் குறையில்லை. அவர் எதற்காக ஆரம்பித்தார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். சூடும் தூக்கமின்மையும் தாங்காமல் ஆரம்பித்திருந்தால் அவருக்கு அது சரியான முடிவு. அவருக்குச் சரியானது உங்களுக்கும் சரி என்று ஆகாது.

எலும்புதான் உங்கள் விஷயத்தில் நிஜமான கேள்வி. அம்மாவின் இடுப்பு முறிவை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெற்றோருக்கு இடுப்பு உடைந்திருக்கிறதா என்பது, எலும்பு முறிவு ஆபத்தைக் கணக்கிடும் ஃப்ராக்ஸ் கணக்கில் தனியாகக் கேட்கப்படும் கேள்வி. மெனோபாஸுக்கு அடுத்த சில வருடங்களில் எலும்பு வேகமாகக் கரைகிறது என்பதும் உண்மை. ஹார்மோன் அதைத் தடுக்கிறது என்பதும் உண்மை. ஆனால் நிறுத்தினால் அந்தப் பாதுகாப்பு சில வருடங்களிலேயே கரைந்துவிடும். அம்மாவுக்கு உடைந்தது எழுபதுக்கு மேல். நீங்கள் 51-இல் ஆரம்பித்து ஐந்து வருடம் எடுத்து 56-இல் நிறுத்தினால், எழுபது வயதில் விழும்போது அந்த ஐந்து வருடத்தால் கிடைக்கும் லாபம் சொற்பம்தான். இருபது வருடம் விடாமல் எடுக்கலாம் என்றால், மார்பகப் புற்றுநோய் ஆபத்து வருடம் ஏற ஏறக் கூடுகிறது.

அதனால் முதலில் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று எடுங்கள். புதுச்சேரியில் பெரிய மருத்துவமனைகளிலும் சில ஸ்கேன் சென்டர்களிலும் இருக்கிறது. இடுப்பையும் முதுகெலும்பையும் பார்க்கிற ஸ்கேனாக இருக்க வேண்டும். மருந்துக்கடை வாசலில் இலவச முகாம் போட்டுக் குதிகாலை ஒரு பெட்டியில் வைக்கச் சொல்கிறார்களே, அதை வைத்து எலும்பு தேய்மானம் என்று முடிவு கட்டக் கூடாது. அங்கே பயமுறுத்திக் கையில் கொடுக்கும் டப்பாக்களையும் வாங்க வேண்டாம். டெக்ஸா ரிப்போர்ட்டில் டி-ஸ்கோர் என்று ஒரு எண் இருக்கும். மைனஸ் 1-க்கு மேலே இருந்தால் நல்லது. மைனஸ் 2.5-ஓ அதற்கும் கீழேயோ இருந்தால் எலும்பு தேய்ந்திருக்கிறது. அப்படித் தேய்ந்திருந்தால் கதை மாறும். உங்கள் வயதில், தொந்தரவு இல்லாவிட்டாலும், எலும்புக்காகவே ஹார்மோன் எடுப்பது யோசிக்கத் தகுந்த வழிதான். வாரம் ஒரு மாத்திரை, வருடம் ஒரு ஊசி என்று எலும்புக்கென்றே இருக்கும் மருந்துகளும் உண்டு. எது பொருந்தும் என்பதை அப்போது டாக்டரோடு உட்கார்ந்து பேசலாம்.

எண் நன்றாக வந்தாலும் சும்மா இருந்துவிடாதீர்கள். கால்சியத்துக்கு மாத்திரையைத் தேடும் முன் கேழ்வரகு இருக்கிறது, 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். பால், மோர், எள், முள்ளோடு சாப்பிடுகிற நெத்திலி எல்லாம் நம் வீட்டுச் சாப்பாடுதான். உங்களுக்குப் பிரஷர் இருப்பதால் கருவாட்டைவிடப் பச்சை நெத்திலி நல்லது. வைட்டமின் டி-யை ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். கடற்கரைச் சாலையில் காலையில் நடப்பது இதயத்துக்கு நல்லது. எலும்புக்கு அதோடு கொஞ்சம் பாரம் தூக்கும் பயிற்சியும், நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியும் சேர வேண்டும். அப்புறம் அந்தப் பாத்ரூம். இடுப்பு உடைவதற்கு எலும்பு மட்டும் காரணமில்லை, விழுவதும் காரணம். ஈரத்தில் வழுக்கும் வழவழப்பான டைல்ஸ், பாசி பிடித்த மூலை, தடுக்கி விழவைக்கும் வாசற்படி, எரியாத பல்பு. சுவரில் ஒரு கைப்பிடியும் சொரசொரப்பான தரையும் போடக் கொத்தனாருக்கு ஒருநாள் வேலை.

இதயத்துக்காக என்றால் உங்கள் கவனம் போக வேண்டிய இடம் வேறு. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டிலேயே கோவாவுக்கு அடுத்த இடம். சர்க்கரை, கொழுப்பு இரண்டையும் பாருங்கள். பிரஷர் மாத்திரையை "நல்லாத்தான் இருக்கேன்" என்று இடையில் விட்டுவிடாதீர்கள். இதயத்தைக் காப்பாற்ற ஹார்மோனைவிட அது பல மடங்கு செய்யும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தொந்தரவு இல்லை என்கிறீர்களே, நிஜமாகவே இல்லையா? நம் பெண்கள் தாங்கிப் பழகியவர்கள். அக்கினி நட்சத்திர வெயிலில் வியர்வை கொட்டினால், அது கடலூர் வெயிலா ஹார்மோனா என்று யாருக்குத் தெரியும்? மார்கழியிலும் விடியற்காலையில் போர்வையைத் தள்ளிவிட்டு மின்விசிறியைக் கூட்டுகிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். மூணு மணிக்கு விழிப்பு வந்து அப்புறம் தூக்கம் வராமல் புரளுவது, மூட்டெல்லாம் பிடித்துக்கொள்வது, காரணமில்லாத எரிச்சல், இவற்றையும் பலர் வயசுக் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள்.

வாய்விட்டுச் சொல்லாத ஒன்று, நீர்க்கடுப்பும் வறட்சியும். அடிக்கடி சிறுநீரில் எரிச்சல், திரும்பத் திரும்ப இன்ஃபெக்‌ஷன், கணவரோடு சேரும்போது வலி. இதற்காக உடம்பு முழுக்கப் போகும் ஹார்மோன் வேண்டியதில்லை. பிறப்புறுப்பில் தடவுகிற குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது. ரத்தத்தில் மிகக் குறைவாகத்தான் கலக்கும். இது இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். பெண் டாக்டர்தான் வேண்டும் என்றால் அதையும் ஓ.பி. சீட்டுப் போடும்போதே சொல்லலாம்.

ஹார்மோன் பேக்கேஜ் என்று லேபில் விற்கிற பரிசோதனைகள் உங்களுக்குத் தேவையில்லை. 45 வயதுக்கு மேல் ஒரு வருடம் தொடர்ந்து வரவில்லை என்றால் அதுவே மெனோபாஸ்தான், எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் பார்த்து உறுதி செய்ய வேண்டியதில்லை. அந்தக் காசில் மார்பகத்தைப் படமெடுத்துப் பார்க்கும் மேமோகிராமும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

நாளைக்கு உங்களுக்கோ உங்கள் தோழி ஒருவருக்கோ ஹார்மோன் தேவைப்பட்டால், மார்பகப் புற்றுநோய், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு, ஈரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இவற்றில் ஏதாவது இருந்ததா என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். கர்ப்பப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கவே கூடாது. கூடவே புரோஜெஸ்டிரோன் இல்லாவிட்டால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம். பாரிஸிலிருந்து வரும்போது அக்கா பெட்டியில் ஒரு ஜெல் குப்பியை மட்டும் கொண்டுவந்து கொடுத்தால், அன்போடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தடவாதீர்கள்.

ஹார்மோன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இது எல்லோருக்கும். நின்று ஒரு வருடம் ஆனபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், வலி இல்லை, ஒருநாள்தான் பட்டது என்று தள்ளிப்போடாமல், அந்த வாரமே கோரிமேடு ஜிப்மருக்கோ, எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் மருத்துவமனைக்கோ, கடலூர்ப் பக்கம் இருந்தால் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்கோ போய்க் காட்டிவிடுங்கள்.